மகத்துக்கு மேற்கே ஒரு புகைக்கூண்டு

மாசி மகத்தன்று முழுநிலவுக்கு அருகில் மின்னுகிறதே, அதுதான் மகம் நட்சத்திரம். கையை நீட்டி மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடியுங்கள். மகத்துக்கு மேற்கே அந்த மூன்று விரல் அகலம் தள்ளிப் பாருங்கள். வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. ஆனால் அகச்சிவப்புக் கதிரில் பார்த்தால், வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரங்களுள் ஒன்று அங்கே இருக்கிறது. பெயர் சி.டபிள்யூ. லியோனிஸ். தூரம் சுமார் 400 ஒளியாண்டுகள்.

இது கண்டுபிடிக்கப்பட்டதற்குக் காரணம் ஒரு சிக்கனமான தொலைநோக்கி. 1960களில் விஞ்ஞானிகள் ஜெர்ரி நியூகபாயரும் ராபர்ட் லெய்ட்டனும் அகச்சிவப்பில் வானத்தை அலச விரும்பினார்கள். அதற்கான ஆடியைத் தாங்களே செய்தார்கள். ஓர் உலோகத் தட்டில் எபாக்சி பிசினை ஊற்றி மெல்லச் சுழற்றினார்கள். தயிர் கடையும்போது பானையின் நடுவே குழிந்து ஓரத்தில் ஏறுமே, அதுபோலப் பிசின் குழிந்தது, அப்படியே இறுகியது. 62 அங்குல ஆடி தயார். கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் நிறுவப்பட்ட அந்தத் தொலைநோக்கிதான் இந்த நட்சத்திரத்தைப் பிடித்தது. எரிக் பெக்லின் குழுவினர் 1969இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள்.

இத்தனை பிரகாசமானது கண்ணுக்கு ஏன் தெரியவில்லை? அரிக்கேன் விளக்கின் திரியை அதிகம் தூண்டிவிட்டால் கண்ணாடியில் கரி பிடித்து வெளிச்சம் மங்கிவிடும். ஆனால் கண்ணாடியைத் தொட்டால் சுடும். கரி ஒளியை விழுங்கி வெப்பமாக வெளிவிடுகிறது. சி.டபிள்யூ. லியோனிஸின் கதையும் இதுதான். தன் புகைக்குள் தானே மறைந்திருக்கிறது அது.

இது முதுமையடைந்த நட்சத்திரம். சூரியன் இருக்கும் இடத்தில் இதை வைத்தால் செவ்வாயின் பாதையையும் தாண்டிவிடும், அவ்வளவு ஊதிப்போயிருக்கிறது. உள்ளே ஹீலியம் எரிந்து உண்டான கார்பன், மேற்பரப்புக்குக் கிளறிவிடப்படுகிறது. சுமார் 630 நாட்களுக்கு ஒருமுறை நட்சத்திரம் விம்மித் தணிகிறது. ஒவ்வொரு விம்மலும் வாயுவை மேலே தூக்கிவிடுகிறது. மேலே போன வாயு குளிர்ந்ததும் கார்பன் கரித்துகளாக உறைகிறது. அந்தத் துகள்களை நட்சத்திரத்தின் ஒளியே வெளியே தள்ளுகிறது; அவை வாயுவையும் இழுத்துக்கொண்டு போகின்றன. இப்படி ஆண்டுதோறும் பல பூமிகளின் எடை வெளியேறுகிறது.

இந்த ஓட்டத்தை எப்படி அளக்கிறார்கள்? வாயுவிலுள்ள கார்பன் மோனாக்சைடு 2.6 மில்லிமீட்டர் ரேடியோ அலையை உமிழ்கிறது. நெருங்கி வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும் விலகும்போது கனத்தும் கேட்கிறதல்லவா? அதுபோல நம்மை நோக்கி வரும் வாயுவின் அலை சுருங்குகிறது, அப்பால் போகும் வாயுவின் அலை நீள்கிறது. இந்த வேறுபாட்டைக் கணக்கிட்டால் வேகம் கிடைக்கும்: வினாடிக்குச் சுமார் 14 கிலோமீட்டர். நீண்ட நேரம் எடுத்த படங்களில், குளத்தில் கல் எறிந்ததுபோல் ஒன்றைச் சுற்றி ஒன்றாகத் தூசு வளையங்கள் தெரிகின்றன. ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் இடைவெளி. மரத்தின் வளையங்களைப் போல அவை நட்சத்திரத்தின் கடந்த காலத்தைச் சொல்கின்றன.

இந்தப் புகை பூமியில் ஒரு நோபல் பரிசுக்கும் வழிவகுத்தது. இத்தகைய நட்சத்திரங்களில் நீண்ட கார்பன் சங்கிலிகள் எப்படி உருவாகின்றன என்று அறிய விரும்பினார் பிரிட்டிஷ் வேதியியலாளர் ஹாரல்ட் குரோட்டோ. 1985இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்மாலி, கர்ல் ஆகியோருடன் சேர்ந்து கிராஃபைட்டை லேசரால் ஆவியாக்கிப் பார்த்தார். கிடைத்தது, 60 கார்பன் அணுக்கள் கால்பந்து வடிவில் கோத்த புதிய மூலக்கூறு. 1996இல் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

பெக்லின் குழு அறிவித்த அதே 1969இல், ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்ற ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. அதைக் கரைத்துப் பார்த்தபோது, கண்ணுக்குத் தெரியாத அளவில் சிலிக்கான் கார்பைடு துகள்கள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை இதேபோன்ற முதிய கார்பன் நட்சத்திரங்களின் புகையில் உறைந்தவை; நம் சூரியன் பிறப்பதற்கு முன்பே உருவானவை.

மகத்தருகே இன்று கிளம்பும் புகையும் விண்வெளியில் கலக்கும். நாளை பிறக்கும் சூரியன்களில் சேரும். நம் உடலிலுள்ள கார்பனில் ஒரு பங்கு இந்த வழியில் வந்ததுதான்.