லேபிளுக்குப் பின்னால் ஓர் ஆறு

1992-ல் நொய்யல் ஆற்றின் குறுக்கே, சென்னிமலைக்குப் பக்கத்தில், ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் ஐரோப்பாவில் 'ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100' என்ற சான்றிதழும் பிறந்தது. தைத்த துணியில் உடலுக்குக் கெடுதலான ரசாயனம் தங்கியிருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்துத் தருவது அது. திருப்பூர் பனியன் அந்தச் சோதனையில் தேறிக் கப்பலேறியது. அதை அலசிய சாயத்தண்ணீர் ஓடையில் இறங்கி, நொய்யல் வழியாக அணையில் போய்த் தேங்கியது. போட்டுக்கொள்பவரின் தோலைப் பற்றிக் கேட்ட சான்றிதழ், ஆற்றங்கரைக்காரரின் கிணற்றைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஆற்றில் ஓடிய நிறத்தை எல்லோரும் பார்த்தார்கள். நிலத்தைக் கெடுத்தது பெரும்பாலும் உப்பு. சாயம் பருத்தியில் பிடிக்க, தொட்டியில் மூட்டை மூட்டையாக உப்பு கொட்ட வேண்டும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் நிற்கும். உப்பு ஏறக்குறைய அத்தனையும் தண்ணீரோடு வெளியே போய்விடும். கிணறு உப்பேறி, தென்னை காய்ப்பு குறைந்த பிறகு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்றது 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம். அது நடக்காததால் 2011 ஜனவரியில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே நின்றுபோனது.

இன்று சாயத்தண்ணீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. ஆர்.ஓ. சவ்வுகளில் பிரிந்து நல்ல தண்ணீர் பட்டறைக்கே திரும்புகிறது. மிஞ்சியதைக் காய்ச்சி உப்பைப் பிரித்தெடுக்கிறார்கள். இதற்கு ஆகும் கரண்டும் விறகும் கொஞ்சநஞ்சமல்ல. அந்தச் செலவைச் செய்தவனையும் செய்யாதவனையும் துணி வாங்கும் பையருக்குப் பிரித்துக் காட்டுகிறதே, கழிவுநீரைப் பற்றியும் கேட்கிற சான்றிதழின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஆர்கானிக் துணிக்கான 'காட்ஸ்' சான்றிதழில் இது நன்றாகத் தெரியும். குறைந்தது 70 சதவீதம் ஆர்கானிக் இழை இருக்க வேண்டும். ஜின்னிங்கிலிருந்து பேக்கிங் வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் சான்று வேண்டும். ஆடிட்டர் வந்தால் எத்தனை கிலோ நூல் உள்ளே வந்தது, எத்தனை சட்டை வெளியே போனது, கட்டிங் வேஸ்ட் எவ்வளவு என்று கணக்கைக் கூட்டிப் பார்ப்பார். கழிவுநீர் எங்கே போகிறது என்றும் கேட்பார். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறை முதலாளி சொன்னார்: "ஆடிட்டுக்காகத்தானுங்க தண்ணிக் கணக்கு எழுத ஆரம்பிச்சேன். எழுதுனப்புறம்தான் தெரிஞ்சுது, ஸ்டீம் லைன்ல வர்ற சுடுதண்ணி பாதி சும்மாவே சாக்கடைக்குப் போயிட்டிருந்துச்சுங்க." அதைப் பிடித்துப் பாய்லருக்கே திருப்பியதில் அவருக்கு விறகுச் செலவு குறைந்தது.

காகிதத்தை ஏமாற்றவும் முடியும். 2020-ல் இந்தியாவிலிருந்து 20,000 டன் பருத்தி போலிச் சான்றுகளோடு ஆர்கானிக் என்று விற்கப்பட்டிருந்ததை 'காட்ஸ்' அமைப்பே வெளியிட்டு, பதினோரு நிறுவனங்களை விலக்கி வைத்தது. நேர்மையாகக் கணக்கு எழுதியவர்களும் அதற்குப் பிறகு சந்தேகப் பார்வையைச் சுமக்க வேண்டியிருந்தது. எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் வேறு ஒன்று. சான்றிதழ் கட்டாயம் என்கிற பையர், பீஸ் விலையில் பத்து பைசா கூட்டக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார். ஆடிட் கட்டணமும் பட்டறைக்காரர் தலையில்தான். பெரிய கம்பெனி தாங்கிவிடும். நாலு மெஷின் வைத்திருக்கும் ஜாப்வொர்க்காரர் எப்படித் தாங்குவார்?

இன்னொரு செலவும் இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையங்களின் ஷெட்டுகளில், மறுபடி சாயத்துக்கு உதவாத கலப்பு உப்பு மூட்டைகளில் அடுக்கிக் கிடக்கிறது. மழை பட்டால் கரைந்து மண்ணில் இறங்கும். நூலையும் சட்டையையும் எண்ணுகிற ஆடிட்டர் அடுத்த முறை அந்த மூட்டைகளையும் எண்ணட்டும். அவற்றை அப்புறப்படுத்தும் செலவைப் பையர் தன் பீஸ் விலையில் சேர்க்கட்டும்.