நிற்கும் வண்டி ஏன் நடுங்குகிறது?

அங்கத்தினர்களுள் சிலர் பழைய மோட்டார் வண்டிகளை இன்னும் பேணி வருகின்றனர். நமது சங்கத்திலும் நூல் மூட்டைகளை ஏற்றிச் செல்ல ஒரு பெட்ரோல் அம்பாஸடர் உண்டு. உத்தர்பாராத் தொழிற்சாலையில் இவ்வண்டியின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. நம்முடையதோ அதற்கும் மிக முந்தியது. 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின் பூண்டது. சாலையில் செவ்வையாக ஓடிற்று. ஆனால் நின்ற இடத்தில் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது கதவுகள் எல்லாம் கலகலத்தன. ஒரு பட்டறையில் காட்டினோம். கார்புரேட்டர் பழுது என்றனர். சங்கப் பணத்தில் வேறொன்று வாங்கிப் பூட்டினோம். நடுக்கம் இம்மியும் குறையவில்லை! வேறு எவரும் இச்செலவைச் செய்யலாகாது என்ற கருத்துடன், நாம் பின்னர் கற்றதை இங்கே கூறுகிறோம்.

ஓடும்போது இல்லாத குறை நிற்கும்போது மட்டும் தோன்றுவது ஏன்? வாய்க்கால் நிறைய நீர் ஓடுகையில் நண்டு வளையின் கசிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. மடையைச் சாத்தி விரற்கடை நீர் மட்டும் விடும்போது அதே வளை பெரும் கேடாகிவிடும். எஞ்சினும் அத்தன்மையதே. மெதுவாகச் சுழலும்போது திராட்டில் பெரும்பாலும் மூடியிருக்கும். உட்செல்லும் காற்றும் பெட்ரோலும் மிகச் சிறிது. அந்த நிலையில் ஊசித்துளை வழியே புகும் காற்றும் கலவையின் அளவைக் குலைத்துவிடும். ஒரு பிளக்கின் சோர்வும் அப்போதே வெளிப்படும்.

ஆகவே ஸ்பானரை எடுக்குமுன் செவி கொடுத்துக் கேட்க வேண்டும். நடுக்கம் தாளம் தவறாமல் வருமாயின், ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. பட்டறைகளில் இதனை ‘மிஸ்ஸிங்’ என்பர். தாளமின்றி ஏறியும் இறங்கியும் ஒலித்தால், கலவையில் குறை இருத்தல் கூடும். எஞ்சின் சூடான பிறகு சோக் கம்பியைச் சற்றே இழுத்துப் பாருங்கள். நடுக்கம் தணிந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு. மிகுந்தால் பெட்ரோல் ஏற்கெனவே மிகுதி. காசு செலவில்லாத இச்சோதனையைப் பட்டறையில் எவரும் செய்து நாம் கண்டதில்லை.

தாளமான நடுக்கமாயின், பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். ரப்பர் பிடியுள்ள குறடு இன்றி இதைச் செய்யலாகாது. மின் அதிர்ச்சி கடுமையானது. எந்தக் கம்பியைக் கழற்றியும் எஞ்சினின் ஒலி மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரே சோம்பியிருப்பது. அதன் பிளக்கை அண்டைச் சிலிண்டரின் பிளக்கோடு மாற்றிப் போடுங்கள். குறையும் உடன் சென்றால் பிளக்கே குற்றவாளி. உலர்ந்த கரி படிந்த பிளக் பெட்ரோல் மிகுதியையும், எண்ணெய்ப் பிசுக்கு எஞ்சின் தேய்மானத்தையும், வெளுத்த முனை பெட்ரோல் குறைவையும் காட்டும். பிளக்கின் இடைவெளி 0.64 மில்லிமீட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 வரை. பாயிண்டுகள் கருகிக் குழி விழுந்திருந்தால் கண்டென்சரையும் சேர்த்து மாற்றுவது நலம்.

குறை ஒரே சிலிண்டரில் நிலைத்து நின்றால் வால்வுகளை நோக்க வேண்டும். புகைக்குழாயின் வாயருகே ஒரு காகிதத் துண்டைப் பிடியுங்கள். சீராக வெளியே தள்ளப்படாமல் இடையிடையே உள்ளிழுக்கப்பட்டால், புகை வால்வு ஒன்று சரியாக மூடவில்லை என்று ஐயுறலாம். டேப்பட் இடைவெளி குறைந்து போவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். கையேடு கூறும் அளவுக்குத் திருத்தாமல் விட்டால் வால்வு கருகும். பின்னர் ஹெட்டைக் கழற்ற நேரும்.

நிற்க, நமது வண்டிக்கு வருவோம். நான்கு கம்பிகளில் எதைக் கழற்றினாலும் ஒலி ஒரே அளவு தாழ்ந்தது. சோக்கைச் சிறிது இழுத்ததும் நடுக்கம் அடங்கிற்று. அப்படியாயின் எங்கோ காற்று புகுகின்றது. இதைக் கண்டறிய மண்ணெண்ணெயோ பெட்ரோலோ தெளிப்பவர் உண்டு. சூடான எஞ்சின் மீது அது தீயை விலைக்கு வாங்குவதாகும். நாம் எண்ணெய்க் குவளையில் சோப்பு நீரை நிரப்பி, மேனிஃபோல்டின் இணைப்புகளிலும் கார்புரேட்டரின் அடியிலும் சொட்டுச் சொட்டாக விட்டோம். கார்புரேட்டரின் அடியில், பின்புறத்தில், நீர் பட்டவுடன் எஞ்சினின் ஒலி மாறிற்று. கழற்றிப் பார்த்தால், புதிய கார்புரேட்டரைப் பழைய பேக்கிங்கின் மீதே பூட்டியிருந்தனர்! நட்டுகளை அளவுக்கு மேல் முடுக்கியதால் இடையிலுள்ள இன்சுலேட்டர் கட்டையும் வளைந்திருந்தது. கண்ணாடித் தகட்டின் மீது உப்புத்தாளை விரித்து அக்கட்டையைச் சமமாகத் தேய்த்தோம். இருபுறமும் புதிய பேக்கிங் வைத்து நட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்கினோம். ஓரத்தில் கிடந்த பழைய கார்புரேட்டரையே மீண்டும் பூட்டினோம். இன்றும் அதுவே ஓடுகிறது. துணியில் குறை விழுந்தால் பாவில் இழை அறுந்ததா என்று பாராமல் அச்சையே மாற்றும் நெசவாளர் எவரும் இல்லை. நாம் மட்டும் வண்டி விஷயத்தில் அவ்வாறு செய்துவிட்டோம்.

இவை யாவும் சரியாயிருந்தும் நடுக்கம் நீங்காவிடில், அப்போது கார்புரேட்டரைத் திறக்கலாம். ஸ்லோ ஜெட்டில் தூசி அடைத்திருக்கும்; காற்றால் ஊதுக, கம்பியால் குத்தற்க. அத்துளை அளவிட்டுச் செய்யப்பட்டது. கலவைத் திருகை மெல்ல முழுதும் உட்செலுத்தி, ஒன்றரைச் சுற்று வெளியே திருப்பி, சூடான எஞ்சினில் மிகச் சீராகச் சுழலும் இடத்தில் நிறுத்துக. திராட்டிலின் ஸ்பின்டில் தேய்ந்து ஆடினால் அதன் வழியாகவும் காற்று புகும். அதற்குக் கடைசல் பட்டறைக்குத்தான் செல்ல வேண்டும்.

கரும்பு பயிரிடும் அங்கத்தினருக்கு ஒரு செய்தி. நமது ஆலைகளின் கரும்புப் பாகிலிருந்து வடிக்கும் எத்தனால், 2025-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு வரை கலக்கப்படுகிறது. உழவருக்கு இதனால் வருவாய் உண்டு. பழைய வண்டிக்கோ சிறிது சங்கடம். ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். பழைய ஜெட் இதை அறியாது. பெட்ரோலுக்கான காற்றையே விடும். ஆதலால் கலவைத் திருகைக் கால் சுற்று வெளியே விட நேரலாம். பெட்ரோல் பம்பின் ரப்பர்த் தகடும் குழாய்களும் பழையனவாயின் மாற்றிவிடுக. எத்தனால் நீரை உறிஞ்சுவதால், மாதக்கணக்கில் நின்ற வண்டியின் டாங்கியில் நீர் பிரிந்து அடியில் தங்குவதுண்டு. டாங்கியின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து அரைமணி நேரம் அசையாது வைத்தால், கீழே அந்தப் படலம் தனியே தெரியும்.