ராத்திரி குவார்ட்டர், காலை சாரம்: ஒரு சின்னக் கணக்கு

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எங்கே பார்த்தாலும் கட்டட வேலைதான். சாரத்திலிருந்து யாராவது விழுந்தால் முதலில் வரும் பேச்சு, "குடிச்சிருந்தான் சார்". அதோட விசாரணை முடிஞ்சிடும். இதில் எவ்வளவு உண்மை, சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்த குறிப்புகள் இவை.

1. கணக்கு

குவார்ட்டர் என்பது 180 மி.லி. நம்ம ஊர் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். அதாவது சுமார் 61 கிராம். ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் விட்மார்க்கின் சூத்திரப்படி, 60 கிலோ எடையுள்ள ஆணின் 100 மி.லி. ரத்தத்தில் ஏறத்தாழ 150 மி.கி. ஏறும். உடம்பு அதை மணிக்குச் சுமார் 15 மி.கி. வீதம்தான் இறக்கும்.

இரவு 9 மணிக்கு ரெண்டு குவார்ட்டர் என்றால் 300. காலை 8 மணிக்குச் சாரம் ஏறும்போது இன்னும் 135 பாக்கி. வண்டி ஓட்டவே சட்டப்படி 30 தான் எல்லை. அதுக்கு இறங்க மதியம் 3 மணி ஆகும். குளிச்சாலும் மோர் குடிச்சாலும் இந்த வேகம் கூடாது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். ஆனால் "நேத்து குடிச்சதுதானே, இப்ப தெளிவா இருக்கேன்" என்பதை நம்பி ஏற்ற முடியாது.

2. சட்டம்

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பிரிவு 3 ஆக இருந்து, 2025 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் பிரிவு 74 ஆக இருப்பது: போதையே விபத்துக்கு நேரடிக் காரணமாக இருந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை. இதை மட்டும்தான் எல்லாரும் சொல்வாங்க. அதே பிரிவில் இருக்கும் மற்றதைச் சொல்ல மாட்டாங்க: மரணம் அல்லது நிரந்தர முழு ஊனம் என்றால் இந்த விலக்கு கிடையாது. குடித்திருந்தாலும் குடும்பத்துக்குப் பணம் உண்டு.

"நேரடிக் காரணம்" என்பதும் முக்கியம். சவுக்குக் கம்பு முறிந்து விழுந்தால், காரணம் கம்புதான், குவார்ட்டர் இல்லை. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். தொழிலாளி எவ்வளவு நிதானமாக இருந்தாலும் அங்கே தப்பியிருக்க முடியாது.

3. என்ன செய்யலாம்?

காலையில் மேஸ்திரி ஒவ்வொருத்தரிடமும் ரெண்டு வார்த்தை பேசினாலே பாதி தெரிஞ்சிடும். சந்தேகம் இருந்தால் அன்றைக்கு உயரமும் வேண்டாம், மிக்சரும் வேண்டாம். கீழே லேசான வேலை கொடுக்கலாம். கூலியை வெட்டாதீங்க. வெட்டினால் மறுநாள் மறைத்துக்கொண்டு மேலே ஏறுவார்கள். கைப்பிடிக் கம்பும் பெல்ட்டும் குடித்தவருக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும்தான்.