அடித்தெழுதிய ஏடுகள்: தாகூரின் வரைவுத் தாள்கள் காட்டும் உண்மைகள்

வங்கக் கவிஞர் இரவீந்திரநாத தாகூர் 1927ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சென்னையில் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார். சிங்கப்பூரில் இறங்கி, மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு முதலிய ஊர்களில் சொற்பொழிவாற்றினார். தாம் நிறுவிய விசுவபாரதிக்குப் பொருள் திரட்டினார். பின்னர் சாவகத் தீவுக்குச் சென்றார். உடன் வந்த மொழியறிஞர் சுநீதிகுமார் சட்டர்ஜி அப்பயணத்தைப் பெருநூலாக எழுதி வைத்தார். கவிஞரும் வழிநெடுகக் கடிதங்கள் எழுதினார். அவையும் பின்னர் நூலாயின.

கோலாலம்பூர் மேடையில் நின்றவர் 'கீதாஞ்சலி' ஆசிரியர், 1913இல் நோபெல் பரிசு பெற்றவர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவர் நாடகப் பாடலாசிரியரும் ஆவார் என்பது தமிழுலகில் அத்துணை அறியப்படாத செய்தி. மேல்நாட்டில் 'ஆபெரா' என்னும் இசைநாடகத்துக்குச் சொல் அமைத்துத் தருவோரைத் தனியொரு பெயரிட்டு அழைப்பர். 'இராம நாடகம்' செய்த அருணாசலக் கவிராயரும், நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் ஏறத்தாழ அத்தொழிலையே செய்தவர்கள். தாகூர் தம் இருபதாம் அகவையை எட்டும் முன்னரே, 1881இல், 'வால்மீகி பிரதிபா' என்னும் இசைநாடகத்தை இயற்றி, வால்மீகியாகத் தாமே நடித்தார். எழுபத்தேழாம் வயதிலும் நாட்டிய நாடகத்துக்குப் பாட்டெழுதிக்கொண்டிருந்தார். இடைப்பட்ட காலத்தில் அவர் எழுதியும் அடித்தும் மீண்டும் எழுதியும் விட்டுச்சென்ற தாள்கள் பெரும்பாலும் அழியாமல் இருப்பது இந்தியக் கவிஞர் பலருக்கும் வாய்க்காத பேறு.

கவிஞர் 1941இல் மறைந்தார். அடுத்த ஆண்டே சாந்திநிகேதனில் 'இரவீந்திர பவனம்' நிறுவப்பெற்று, அவருடைய கையெழுத்துப் படிகளும் கடிதங்களும் ஓவியங்களும் அங்கே ஒருங்கு சேர்க்கப்பட்டன. கல்கத்தா ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தார் இப்படிகளையும் பழைய அச்சுப் பதிப்புகளையும் படம்பிடித்து, 'பிசித்ரா' என்னும் பெயரில் 2013இல் இணையத்தில் யாவரும் காணுமாறு வைத்தனர். கையெழுத்துப் பக்கங்கள் மட்டும் 47,520. அச்சுப் பக்கங்கள் 91,637. ஒரே பாட்டின் பல வடிவங்களை அடுத்தடுத்து வைத்து, எச்சொல் எங்கே மாறிற்று என்று ஒப்பிடவும் வழிசெய்துள்ளனர். கிள்ளானில் இருக்கும் ஓர் ஆசிரியர் தம் வீட்டு மேசையிலிருந்தே தாகூரின் மைக்கறையைப் பார்த்துவிடலாம். 2004ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சாந்திநிகேதன் அருங்காட்சியகத்திலிருந்து கவிஞரின் நோபெல் பதக்கம் களவு போயிற்று. அதற்கு ஈடாகப் படிகளைச் செய்து தந்தார்கள். பதக்கத்துக்குப் படி செய்யலாம். திருத்தங்கள் நிறைந்த ஏடு தொலைந்தால் அதைத் திரும்ப எழுத அக்கவிஞராலும் இயலாது.

அடித்தல் திருத்தல்களுக்கு இத்துணை மதிப்பா என்று தமிழாசிரியர் வியப்பது இயல்பே. நம் மரபில் முதலிடம் பெற்றவன் ஆசுகவி. கேட்டவுடன் பாடுபவனே புலவன். எழுத்தாணியை நிறுத்தி யோசித்தால் அது குறைபாடு. சங்கரதாஸ் சுவாமிகள் ஒரு நாடகம் முழுவதையும் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று நாடக உலகம் இன்றும் பெருமையோடு சொல்லும். அப்பெருமை பொய்யன்று. ஆயினும் கட்டுரை எழுதும் மாணவன் ஒரு சொல்லை அடித்துவிட்டால் அதற்காக மதிப்பெண் குறைக்கும் வழக்கம், அப்பெருமையைத் தவறாகப் புரிந்துகொண்டதன் விளைவாகவும் இருக்கலாம்.

தாகூரின் ஏடுகளில் அடித்தல் மறைக்கப்படவில்லை. வேண்டாத சொல்லை மையால் மூடுவார். அம்மைக்கட்டியைப் பக்கத்துக் கட்டியோடு கோடிட்டு இணைப்பார். சிறிது நேரத்தில் அது ஒரு பறவையாகவோ, பெயரில்லாத ஒரு விலங்காகவோ மாறிவிடும். 1924இல் அர்ஜென்டினாவில் உடல்நலம் குன்றித் தங்கியிருந்தபோது எழுதிய 'பூரபி' கவிதைகளின் நோட்டுப் புத்தகத்தில் இத்தகைய உருவங்கள் மலிந்து கிடக்கின்றன. அவரை விருந்தினராக ஏற்றிருந்த விக்டோரியா ஒக்காம்போ என்னும் அம்மையார் அவற்றைக் கண்டு வியந்தார். 1930இல் பாரிசு நகரில் கவிஞரின் முதல் ஓவியக் காட்சி நடைபெற அவரே துணைநின்றார். அறுபது வயதுக்கு மேல் ஒருவர் ஓவியரானதற்கு வித்து, எழுத்துப்பிழை திருத்திய கறை!

எனினும் படங்கள் இவ்வேடுகளின் புறத்தோற்றமே. உள்ளே நடந்ததை அறிய 'ரக்தகரபி' நாடகத்தின் வரைவுகளைப் பார்க்கவேண்டும். ரக்தகரபி என்றால் செவ்வரளி. 1923ஆம் ஆண்டுக் கோடையில் ஷில்லாங் மலையில் எழுதத் தொடங்கிய இந்நாடகம், 1924இல் 'பிரவாசி' இதழில் வெளிவருமுன் ஏறக்குறைய பத்து வரைவுகளைக் கண்டது. முதலில் இட்ட பெயர் 'யக்ஷபுரி'. அது களம் ஒன்றின் பெயர். நிலத்தடியிலிருந்து பொன்னை அகழ்ந்தெடுக்கும் ஓர் ஊர். பிறகு 'நந்தினி' என்று மாற்றினார். அவ்வூருக்குள் புகுந்து யாவரையும் நிலைகுலையச் செய்யும் பெண்ணின் பெயர் அது. கடைசியில்தான் அவள் அணியும் மலரின் பெயர் நூற்பெயராயிற்று. ஊர், ஆள், பூ என்று தலைப்பு நகர்ந்த இவ்வழியிலேயே நாடகத்தின் பொருளும் நகர்ந்தது. அச்சிட்ட நூலை மட்டும் வைத்திருப்பவர்க்குச் செவ்வரளி என்பது கவிஞர் தொடக்கத்திலேயே தேர்ந்துகொண்ட குறியீடு போலத் தோன்றும். அது தேடித் தேடிக் கண்டடைந்த குறியீடு என்பதற்கு வரைவுத் தாள்களே சான்று. பழைய இரும்புக் குவியலின் அடியில் அகப்பட்ட அரளிச் செடியொன்று அதனூடே தலைநீட்டிப் பூத்திருந்ததைத் தாம் கண்டதாகக் கவிஞர் சொன்னார் என்றும் கூறுவர்.

இந்நாடகம் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்கு அயலான கதையன்று. யக்ஷபுரியில் தொழிலாளிக்குப் பெயர் கிடையாது, எண் உண்டு. பாகுலால் என்பவன் ஊரில் மனிதனாக இருந்தவன். சுரங்கத்தில் அவன் 47. பாட்டுப் பாடித் திரியும் பிசு 69. மேற்பார்வையாளர், ஒற்றர், நல்லுரை சொல்லித் தொழிலாளரை அடக்கிவைக்கும் சமயகுரு, வலைத்திரைக்குப் பின்னால் முகங்காட்டாமல் ஆளும் அரசன் என்று ஓர் அமைப்பே அங்கு இயங்குகிறது. கோலாலம்பூரும் அகழ்வாரால் தோன்றிய நகரமே. 1857இல் ராஜா அப்துல்லா கிள்ளானிலிருந்து 87 சீனத் தொழிலாளரை ஆற்று வழியாக ஈயம் தோண்ட அனுப்பினார் என்றும், காட்டுக் காய்ச்சலுக்குத் தப்பி ஒரு மாதத்தில் எஞ்சியவர் 18 பேரே என்றும் நகர வரலாறு கூறும். பெரட்டுக் களத்தில் விடியுமுன் வரிசையில் நின்று, செக்ரோலில் பெயர் பதியப்பெற்ற தோட்டத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகளுக்கு, 47 என்று ஒரு மனிதனை அழைப்பதன் பொருளை உரையாசிரியர் விளக்கவேண்டியதில்லை. தாகூர் இந்நாடகத்தை முடித்து மூன்றாண்டுகளுக்குப் பின்னரே இந்நாட்டில் அச்சொற்பொழிவுப் பயணத்தை மேற்கொண்டார் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். இந்நாட்டைப் பார்த்து எழுதியதன்று அது.

நாடகப் பாடலாசிரியர் தாகூரைக் காண்பதற்கு ஏற்ற இடம் 'சண்டாலிகா'. தாழ்ந்த குலத்தவள் என ஒதுக்கப்பட்ட பிரகிருதி என்னும் பெண்ணிடம் புத்தரின் சீடர் ஆனந்தர் தண்ணீர் கேட்டு அருந்துகிறார். அவள் தன்னை மனுஷியாக முதன்முதல் உணர்கிறாள். பழைய பௌத்த நூலொன்றிலிருந்து எடுத்த இக்கதையைத் தாகூர் 1933இல் உரைநடை நாடகமாக எழுதினார். அதில் பேசுவோர் பெரும்பாலும் தாயும் மகளுமே. ஊர் தன்னை இழிவாக நடத்தியதை மகள் வாயால் சொல்லக் கேட்கிறோம். 1938இல் அதையே நாட்டிய நாடகமாக மாற்றியபோது கவிஞர்க்கு ஒரு சிக்கல் நேர்ந்தது. நடனம் 'நேற்று என்னை இகழ்ந்தார்கள்' என்று சொல்லமாட்டாது. இகழ்வதை நடத்திக் காட்டவேண்டும். ஆகவே புதிய தொடக்கம் ஒன்றை எழுதினார். தயிர் விற்பவன் வருகிறான். வளையல் விற்பவன் வருகிறான். பிரகிருதி ஆசையோடு நெருங்குகிறாள். அவள் யாரென்று பிறர் எச்சரிக்க, வணிகர் விலகிப் போகின்றனர். உரைநடையில் நீண்டிருந்த முறையீடு ஒரு வளையற்காரனின் பின்வாங்கும் அடியில் அடங்கிவிட்டது.

உரையாடல்களுக்கும் இதே விதி நேர்ந்தது. விளக்கவந்த வாக்கியங்கள் போயின. தாளத்தில் அமரும் சிறு தொடர்கள் நின்றன. முன்பு ஒருமுறை வந்த சொல் இப்போது இருமுறை மும்முறை திரும்பி வந்தது. படிப்பவனுக்குக் குற்றமாகத் தோன்றும் இத்திரும்பல் ஆடுபவளுக்கு இன்றியமையாதது. ஒரு சொல்லுக்கு மூன்று முறை முகம் மாற்ற இடம் கிடைக்கிறதன்றோ? 1892இல் கவிதை நாடகமாக எழுதிய 'சித்ராங்கதா'வை 1936இல் நாட்டிய நாடகமாக்கியபோது, அழகற்ற சித்ராங்கதை, அழகுபெற்ற சித்ராங்கதை என ஒரே பாத்திரத்தை இரண்டாகப் பிரித்ததும் மேடையின் தேவை கருதியே. 1981இல் தொடங்கிப் பிரிக்பீல்ட்ஸில் நாட்டியமும் இசையும் பயிற்றிவரும் 'டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்' போன்ற நிலையங்களில் நாட்டிய நாடகத்துக்குத் தமிழில் பாட்டெழுத முன்வருவோர், 1933இன் சண்டாலிகாவையும் 1938இன் சண்டாலிகாவையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால், இலக்கணநூல் கற்பிக்காத பலவற்றைக் கற்பர்.

ஏடுகள் காட்டாத ஒன்றும் உண்டு. அது மெட்டு. தாகூர் பாட்டைக் கட்டிவிட்டுத் தம் மெட்டையே மறந்துவிடுவார். அவருடைய உறவினரான தினேந்திரநாதர் உடனிருந்து கேட்டுச் சுரப்படுத்தி வைத்திராவிடில், பல பாடல்கள் வெறும் சொற்களாகவே எஞ்சியிருக்கும். கவிஞர் அவரைத் தம் பாடல்களின் களஞ்சியக்காரர் என்று நன்றியோடு குறித்தார். அக்களஞ்சியத்தில் தென்னாட்டுச் சரக்கும் உண்டு. சாந்திநிகேதனில் பயின்ற சாவித்திரி என்னும் தென்னாட்டுப் பெண் பாடக்கேட்டு, முத்துசுவாமி தீட்சிதரின் 'மீனாட்சி மே முதம்' கீர்த்தனையின் மெட்டில் தாகூர் ஒரு வசந்தப் பாட்டை எழுதினார். சிம்மேந்திர மத்திமத்தில் அமைந்த மற்றொரு கீர்த்தனையும் இவ்வாறே வங்க உருவம் பெற்றது. மதுரை மீனாட்சியைப் பாடிய பூர்விகல்யாணி, வங்காளத்தில் இளவேனிலை வரவேற்கிறது.

வரைவுத் தாள் வழக்குமன்றச் சாட்சியாகவும் நிற்கும். 1912இல் உடல்நலமின்றி ஷிலைதஹாவில் ஓய்ந்திருந்தபோது தாகூர் தம் வங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கினார். கப்பலிலும் அப்பணி தொடர்ந்தது. இலண்டனில் சுரங்க இரயிலில் சென்றபோது அந்த நோட்டுப் புத்தகம் இருந்த பையை அவர் மகன் இரதீந்திரநாதர் வண்டியிலேயே விட்டுவிட்டார். தொலைந்த பொருள்களை வைக்கும் அலுவலகத்தில் அது அப்படியே கிடைத்தது. அதன் பின்னரே ஓவியர் ராத்தன்ஸ்டைன் கைக்கும், அவர் வழியாக அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸ் பார்வைக்கும் பாடல்கள் சென்றன. பரிசு கிடைத்ததும், அந்த ஆங்கிலம் யேட்ஸ் எழுதிக் கொடுத்ததே என்று சிலர் வாய்கூசாமல் பேசினர். தாகூரை அது புண்படுத்தியது. இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கும் அக்கையெழுத்துப் படியை அச்சுநூலோடு ஒப்பிடுவோர், யேட்ஸ் ஆங்காங்கே சொற்களைத் தொட்டிருப்பினும் நூல் தாகூருடையதே என்பதைக் கண்ணாரக் காண்கின்றனர். அந்தப் பை மட்டும் திரும்பிவராதிருந்தால், வதந்திக்கு மறுமொழி சொல்ல ஒரு தாளும் இருந்திராது.

தாள்கள் தொலைவதில் கவிஞர்கள் யாவரும் ஓரினத்தாரே போலும். வேல்சு நாட்டுக் கவிஞர் டிலன் தாமஸ் தம் வானொலி நாடகமான 'அண்டர் மில்க் வுட்' கையெழுத்துப் படியை 1953இல் இலண்டனில் தொலைத்துவிட்டு அமெரிக்கா சென்றார். 'நீர் கண்டுபிடித்தால் நீரே வைத்துக்கொள்ளும்' என்று வானொலி நண்பரிடம் சொல்லிப் போனார். நண்பர் அதை ஒரு மதுக்கடையில் கண்டெடுத்தார். இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கிக்கு ஓர் ஆபெரா எழுதித்தர இசைந்திருந்த தாமஸ், அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் இறந்தார். படிக்கு உரியவர் யார் என்ற வழக்கு பின்னாளில் நீதிமன்றம் ஏறியது. அவர் இளமையில் எழுதிய நோட்டுப் புத்தகங்களோ, 1941இலேயே, அவருக்கு இருபத்தாறு வயதாயிருந்தபோது, அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழக நூலகத்துக்கு விற்கப்பட்டுவிட்டன. பணமுடை ஒரு கவிஞனின் ஏடுகளைக் காத்தது!

தமிழில் பாரதியார் 1921இல் மறைந்தபோது 'பாஞ்சாலி சபத'த்தின் இரண்டாம் பாகம் அச்சேறாத கையெழுத்துப் படியாகவே இருந்தது, 1924இல்தான் வெளிவந்தது. அத்தாள்கள் கெட்டிருந்தால் சபதமில்லாத சபதமே நமக்குக் கிடைத்திருக்கும். மலாயா மண்ணில் தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டும், பத்திரிகை அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டும் பாட்டெழுதியவர்களின் ஏடுகள் ஈயப்பெட்டியிலும் பரணிலும் கிடந்தவை. கறையானும் ஈரமும் வீடு மாறுதலும் அவற்றுக்குப் பகை. அத்தகைய ஏடு ஒன்று கைக்குக் கிட்டுமாயின், படியெடுக்கும் முன் செய்யக்கூடாதவை சில உண்டு. தாள்களைத் தம் எண்ணப்படி வரிசை மாற்றலாகாது. எழுதியவர் அடுக்கியிருந்த முறையே எது முந்தியது என்பதற்குச் சான்று. அடித்த பக்கங்களைக் கிழித்துவிட்டு நற்படியை மட்டும் வைத்துக்கொள்ளலாகாது. இடையில் செருகியிருக்கும் மளிகைச் சீட்டையும் பேருந்துச் சீட்டையும் குப்பை என்று எறிந்துவிடலாகாது. பாட்டில் தேதியிடாத கவிஞரின் தேதி பல வேளைகளில் அந்தச் சீட்டில்தான் இருக்கும்.