மூன்று மாத்திரையா, ஒன்றா?
கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தம் குறித்து பெங்களூருவில் நடந்த சோதனை, கால்சியம் கணக்கை மறுபடி போட வைத்திருக்கிறது

காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவு ஒன்று. இடையே இரும்புச் சத்து மாத்திரைக்குத் தனி நேரம். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. குமட்டலோடு போராடும் கர்ப்பிணி இத்தனையையும் தவறாமல் செய்வார் என்ற நம்பிக்கையில்தான், உணவில் கால்சியம் குறைந்த நாடுகளில் தினம் 1,500 முதல் 2,000 மில்லிகிராம் கால்சியம் தரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

காரணம், ப்ரீஎக்லாம்ப்சியா. கர்ப்பத்தின் 20ஆவது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் போய், பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் வெளியேறும் கோளாறு. முற்றினால் வலிப்பு, மூளையில் ரத்தக் கசிவு. தலைச்சன் பிரசவத்தில் ஆபத்து அதிகம்.

இந்த மூன்று மாத்திரைகளுக்கு ஒன்றே ஈடாகுமா என்று பார்க்க முனைந்தது பெங்களூருவின் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனம். முதல் குழந்தையை எதிர்பார்த்த 11,000 பெண்கள் இங்கே. அதே எண்ணிக்கையில் தான்சானியாவில். பாதிப் பேருக்கு 1,500 மில்லிகிராம், மீதிப் பேருக்கு 500. யாருக்கு எது என்று தெரியாமலிருக்க, குறைந்த அளவுக்காரர்களுக்கும் வெற்று மாத்திரைகள் சேர்த்து மூன்றாகவே தரப்பட்டன.

பிரதிபா துவாரகநாத் முதலானோர் எழுதிய முடிவுகள் 2024 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தன. இந்தியாவில் ப்ரீஎக்லாம்ப்சியா, குறைந்த அளவில் 3.0 சதவீதம், அதிக அளவில் 3.6. தான்சானியாவில் 3.0, 2.7. அதாவது 500 சளைத்ததில்லை. குறைமாதப் பிரசவத்திலும் இந்தியாவில் அப்படியே: 11.4, 12.8. தான்சானியாவில் மட்டும் அதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மாத்திரை வாங்கிக் கொடுக்கும் அரசுகளுக்கு இது நல்ல சேதி. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கால்சியமே சாப்பிடாத பெண்கள் இந்தச் சோதனையில் இல்லை. எனவே '500 போதும்' என்பது 1,500உடன் ஒப்பிட்ட பேச்சுதான். இந்திய அரசின் 2014 வழிகாட்டுதலோ நடுவில் நிற்கிறது: 14ஆவது வாரத்திலிருந்து தினம் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. டாக்டரைக் கேட்காமல் ஒன்றாகக் குறைத்துக்கொள்வது சரியல்ல. (100 கிராம் கேழ்வரகிலேயே 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. களிக்குப் பேர்போன ஊரில் மாத்திரையைப் பற்றி இவ்வளவு பேச்சு!)

கால்சியம் தடுக்கத்தான் உதவும். அழுத்தம் ஏறிவிட்டால் வேறு மருந்துகள் வேண்டும். நாகபுரியில் இரண்டு மருத்துவமனைகளில் நடந்து 2019இல் லான்செட்டில் வெளியான ஆய்வு, நிஃபெடிபின், லபெட்டலால், மெத்தில்டோபா மூன்றும் வாய்வழி மாத்திரையாகவே கடும் அழுத்தத்தை இறக்கும் என்று காட்டியது. ஊசி போட வசதியில்லாத இடங்களுக்கு இது பெரிய விஷயம். வலிப்பைத் தடுக்க மலிவான மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி இருக்கிறது. 2002இல் வெளியான மேக்பை சோதனையில் அது வலிப்பு அபாயத்தைப் பாதிக்கு மேல் குறைத்தது. நோய் தீர ஒரே வழி பிரசவம்தான். அதை எப்போது நடத்துவது என்பதில்தான் டாக்டரின் திறமை.

வீட்டில் பெரியவர்கள் உப்பைக் குறைத்துப் படுக்கச் சொல்வார்கள். ப்ரீஎக்லாம்ப்சியாவைத் தடுக்க இவ்விரண்டையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென முகமும் கையும் வீங்குவது — இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அழுத்தம் 160/110ஐத் தொட்டால் அவசரம்.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல். வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு போகும் ஏழாம், ஒன்பதாம் மாதங்கள், அழுத்தம் ஏறக்கூடிய அதே மாதங்கள். ஊர் மாறுகிறது, டாக்டர் மாறுகிறார். பழைய அளவுகள் எழுதிய அட்டை பெங்களூருவிலேயே தங்கிவிட்டால், புது டாக்டருக்கு 130/85 ஏற்றமா இறக்கமா என்றே தெரியாது. குழந்தை பிறந்த பிறகும் சில நாட்களுக்கு வலிப்பு வரலாம் என்பதால், டிஸ்சார்ஜ் ஆன முதல் வாரத்திலேயே மறுபடி அழுத்தம் பார்க்க வேண்டும்.