இந்தோனேசியர் வழக்கில் ஆங்கிலச் சொற்சுருக்கங்கள்

இந்தோனேசிய மொழியில் அசைகளைத் தொகுத்துச் சுருக்கம் ஆக்குவது செழித்த வழக்கு. 'புஸத் கெஸெஹத்தன் மஸ்யரகத்' (மக்கள் நல்வாழ்வு மையம்) என்னும் தொடர் 'புஸ்கெஸ்மஸ்' எனச் சுருங்கும். ஏவுகணையைக் குறிக்கும் 'பெலுரு கெண்டலி', முதற்சொல்லின் இறுதியசையையும் அடுத்ததன் இடைப்பகுதியையும் கொண்டு 'ருடல்' ஆகும். முதலெழுத்துதான் எடுக்கப்பட வேண்டும் என்னும் கட்டாயமில்லை. ஒலிக்க எளிதாக இருத்தலே முதன்மை. இத்தகைய மொழிக்குள் ஆங்கில முதலெழுத்துச் சுருக்கங்கள் நுழையும்போது நிகழ்வதை மொழிபெயர்ப்பு என்று மட்டும் கூறி அமைய இயலாது.

முதலில் ஒலிப்பு. எழுத்துகள் ஆங்கிலத்தவை; அவற்றின் பெயர்கள் உள்ளூருக்குரியவை. உலக நலவாழ்வு அமைப்பின் பெயரை 'ஒர்கனிஸஸி கெஸெஹத்தன் துனியா' என மொழிபெயர்த்த பின்னும் அதன் ஆங்கிலச் சுருக்கத்தையே கையாண்டு, 'வே-ஹா-ஓ' எனப் படிக்கின்றனர். குளிர்சாதனத்தைக் குறிக்கும் ஏ.சி. 'ஆ-ஸே' என ஒலிக்கிறது. இன்றைய இந்தோனேசிய நெடுங்கணக்கில் அவ்வெழுத்தின் பெயர் 'சே' (வல்லொலி). 'ஸே' என்பதோ டச்சுக்காரர் விட்டுச் சென்ற பெயர். ஆங்கிலச் சொல்லுக்கு டச்சு ஒலிப்பு என்பது சுவையான முரண். கைப்பேசியைச் சுட்டும் 'ஹேண்ட்போன்' பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ பொதுவழக்கில் இல்லாத சொல். அதன் இரு உறுப்புகளினின்றும் ஓரெழுத்தை எடுத்து 'ஹா-பே' என்றனர். பின்னர் அவ்வொலிப்பையே தனிச்சொல்லாகவும் எழுதலாயினர்.

அடுத்தது சொல்வரிசை, சிக்கல் இங்கேதான் உள்ளது. ஆங்கிலத்தில் அடை முன்னும் பெயர் பின்னும் நிற்கும். இந்தோனேசியத்தில் பெயரை அடுத்தே அடை வரும். எனவே நேர்மொழிபெயர்ப்பு எழுத்து வரிசையைக் குலைக்கும். மொத்த உள்நாட்டு உற்பத்தியைக் குறிக்கும் ஜி.டி.பி., 'ப்ரொடுக் டொமெஸ்திக் ப்ருத்தோ' என்றாகும்போது இறுதியில் இருந்த 'உற்பத்தி' தலைக்கு வந்துவிடுகிறது. சுருக்கமும் 'பே-டே-பே' என மாறுகிறது. பொருள் காக்கப்பட்டது, எழுத்துகள் மாறின.

இதற்கு மறுதலையானது ஜகார்த்தாவில் 2019இல் இயங்கத் தொடங்கிய எம்.ஆர்.டி. இதற்கு வழங்கும் இந்தோனேசிய விரிவு 'மோடா ராயா தெர்பாடு'. எழுத்துகள் மூன்றும் வரிசை பிறழாமல் நிற்கின்றன; பெயர்ச்சொல் முதலில் வருவதால் இலக்கணமும் வழுவவில்லை. ஆனால் 'விரைவு' எங்கும் இல்லை. 'ஒருங்கிணைந்த பெரும் போக்குவரத்து முறை' என்பதே இதன் பொருள். எல்.ஆர்.டி. என்பதை 'லிந்தாஸ் ராயா தெர்பாடு' என விரித்ததும் இவ்வகையே. 'இலகு' மறைந்து 'பெரிய' வந்துள்ளது. இவற்றை மொழிபெயர்ப்பு என்பதினும், கையிலுள்ள எழுத்துகளுக்குப் பின்னர்ப் பொருள் தேடிய புத்தாக்கம் என்பதே பொருந்தும்.