கைவிடப்பட்ட சுரங்கங்கள்: தேவாலா தரும் படிப்பினை

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், கூடலூரை அடுத்த தேவாலா, பந்தலூர் பகுதிகளின் காடுகளிலும் தேயிலைத் தோட்டங்களிலும் பழைய சுரங்க வாயில்கள் இன்றும் காணப்படுகின்றன. இவை 19-ஆம் நூற்றாண்டில் இங்கு நடைபெற்ற தங்க வேட்டையின் எச்சங்களாகும்.

எழுச்சியும் வீழ்ச்சியும்

ஓடை மணலை அரித்துப் பொன் எடுக்கும் வழக்கம் இப்பகுதியின் பழங்குடி மக்களிடையே நெடுங்காலமாக இருந்துவந்தது. 1879-இல், ஆஸ்திரேலியாவில் அனுபவம் பெற்ற புரோ ஸ்மித் என்ற வல்லுநர் அரசின் சார்பில் ஆய்வு நடத்தி, இங்குள்ள குவார்ட்ஸ் பாறைகளைப் பற்றி நம்பிக்கையூட்டும் அறிக்கை அளித்தார். அதனைத் தொடர்ந்து லண்டனில் 30-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தோன்றின. அவை அறிவித்த மூலதனம் 40 லட்சம் பவுனைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி, நிலத்தை உயர்ந்த விலைக்கு விற்றவர்களையும் நிறுவனங்களைத் தொடங்கிவைத்தவர்களையுமே சென்றடைந்தது. பாறையை அரைத்தபோது கிடைத்த தங்கமோ செலவுக்கும் போதவில்லை. சில ஆண்டுகளில் நிறுவனங்கள் மூடப்பட்டன. தோண்டிய குழிகள் அப்படியே விடப்பட்டன. ஏறத்தாழ அதே காலத்தில் தொடங்கிய கோலார் தங்கச் சுரங்கம் 2001 வரை இயங்கியது குறிப்பிடத்தக்கது.

இன்றைய அபாயம்

காற்றோட்டமற்ற சுரங்கத்தில் உயிர்வளி குறைந்து, கரியமில வாயு தாழ்வான இடங்களில் தேங்குகிறது. இதனைக் கண்ணாலோ மணத்தாலோ அறிய இயலாது. மழைநீர் ஊறுவதால் மண் தளர்ந்து கூரை சரிகிறது. புதர் மூடிய செங்குத்துக் குழிகள் மனிதருக்கும் வனவிலங்குகளுக்கும் பொறியாகின்றன. இவ்வளவு இருந்தும், தோட்டக் கூலி போதாத குடும்பத்தினர் சிலர் அனுமதியின்றி உள்ளே சென்று பாறை உடைக்கின்றனர், உயிரிழப்புகளும் நேர்ந்துள்ளன. தங்கத்தைப் பிரிக்கப் பயன்படும் பாதரசம் சூடாக்கும்போது ஆவியாகி நுரையீரலைத் தாக்குகிறது. எஞ்சியது ஓடைகளில் கலக்கிறது.

செய்ய வேண்டுவன

சுரங்கத்தை முறைப்படி மூடும் திட்டத்தைக் குத்தகைதாரரே தயாரித்து, அதற்கான நிதிப் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்ற விதி 2003-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால், 19-ஆம் நூற்றாண்டின் குழிகளுக்குப் பொறுப்பேற்க இன்று எந்த நிறுவனமும் இல்லை. ஆகவே அச்சுமை அரசையும் உள்ளூர் மக்களையுமே சேர்கிறது. குழிகளைக் கணக்கெடுத்து வரைபடமாக்குதல், அபாயமானவற்றை நிரப்புதல், வௌவால்கள் வாழும் சுரங்கங்களுக்குக் கம்பிக் கதவு அமைத்தல் ஆகியன உடனடிப் பணிகளாகும். எனினும், வாயிலை அடைத்தால் மட்டும் போதாது. உள்ளே செல்லத் தூண்டும் வறுமைக்கு மாற்றாக நிலையான வேலைவாய்ப்பும் வேண்டும். மூடும் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்க்காத சுரங்கத்தின் கடனைப் பின்வரும் தலைமுறைகளே செலுத்த நேரிடும் என்பதே தேவாலா உணர்த்தும் பொருளாதாரப் பாடமாகும்.